காலனி என்றால் உழுத நிலம்

‘காலனி’ என்ற சொல் இனி அரசு ஆவணங்களிலும் பொதுப் புழக்கத்திலும் இருக்காது என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பது காரணம். சரியான காரணம்தான். பேருந்தில் ‘எந்த ஊரு?’ என்று கேட்டவர், பதில் சொன்னதும் ‘ஊருக்குள்ளயா, காலனியா?’ என்று அடுத்த கேள்வி போட்டதை அனுபவிக்காத குடும்பம் நம்மில் இல்லை. பலகை மாறட்டும். ரேஷன் கார்டில் மாறட்டும். ஆனால் துடைத்துப் போடும் முன் அது என்ன சொல், எங்கிருந்து கிளம்பி நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதன் கூடவே வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வேறு சில ஆங்கிலச் சொற்கள் இன்னும் தாலுகா அலுவலகப் பதிவேடுகளில் உட்கார்ந்திருக்கின்றன. நம் நிலம் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. அவற்றைத் துடைக்க யாரும் அறிவிப்பு வெளியிடவில்லை, வெளியிடவும் கூடாது.

அவனியாபுரத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். அமெரிக்க விடுதலைப் போர் பாடம் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் அங்கே 13 காலனிகளை வைத்திருந்தார்கள் என்று வாசித்ததும் ஒரு பெண் நிறுத்திக் கேட்டாள்: “அண்ணே, காலனின்னா நாம இருக்குறதுதானே? வெள்ளைக்காரங்க எதுக்குப் போயி காலனியில குடியிருந்தாங்க?” மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. எம்.ஏ. வரை படித்த எனக்கு எந்த வகுப்பிலும் தோன்றாத கேள்வி அது.

லத்தீன் மொழியில் ‘கொலேரே’ என்றால் உழுதல், பண்படுத்துதல், குடியிருத்தல். உழுகிறவன் ‘கொலோனஸ்’. அவன் குடியேறி உழுத இடம் ‘கொலோனியா’. ரோமாபுரி அரசு போரில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு, பிடித்த நாட்டில் நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியமர்த்தியது. அந்தக் குடியேற்றங்களுக்குப் பெயர் கொலோனியா. ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரத்தின் பெயரே அதுதான். (நம் வீடுகளில் காய்ச்சலுக்கு நெற்றியில் தடவும் ஓடிகொலோன் அந்த ஊர்த் தண்ணீர். ஆக, ஒருவகையில் காலனித் தண்ணீரைத்தான் எல்லாச் சாதிக்காரர்களும் முகர்ந்திருக்கிறார்கள்.) வேளாண்மையைக் குறிக்கும் அக்ரிகல்ச்சர், பண்பாட்டைக் குறிக்கும் கல்ச்சர் இரண்டும் இதே வேரில் பிறந்த சொற்கள்.

பிறகு ஐரோப்பியர் கப்பலேறிப் போய் அடுத்தவர் நிலத்தைப் பிடித்து அதற்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள். அப்போதும் காலனிக்காரன் என்றால் நிலம் வைத்திருப்பவன். அவன் ‘செட்லர்’, ஏற்கெனவே அங்கே இருந்தவன் ‘நேட்டிவ்’. ரோமாபுரிக் காலனியில் நிலம் கொடுத்தார்கள், அமெரிக்கக் காலனியில் நிலத்தைப் பிடுங்கினார்கள். நம் ஊர்க் காலனியில் மட்டும்தான் மூன்று சென்டு வீட்டைத் தாண்டி நிலமே கிடையாது. உலகத்துக்கே உழவனைக் குறித்த சொல், தலைமுறை தலைமுறையாக உழுதும் நிலமில்லாதவன் தெருவுக்குப் பெயராக வந்து நின்றது.

அதே சொல் மதுரை நகரத்துக்குள் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது என்றும் பாருங்கள். ரயில்வே காலனி என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வீட்டுவசதி வாரியக் காலனியில் வீடு வாங்கினால் பால் காய்ச்சிப் பந்தி வைக்கிறார்கள். ஆகவே குறை சொல்லில் இல்லை. ‘சேரி’க்கும் இதுதான் நடந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக் கோட்டைக்கு வெளியே வந்து தங்கிய இடம் புறஞ்சேரி. அறவோர் வாழ்ந்த இடமாக இளங்கோ அதைக் காட்டுகிறார். சேர்ந்து வாழுமிடம் சேரி, அவ்வளவுதான். அங்கே குடியிருந்தவர்களை ஊர் எப்படி நடத்தியதோ அந்த அழுக்கு சொல்லின் மேல் படிந்தது. ‘நகர்’ என்று மாற்றினால் நாளைக்கு ‘நகர்க்காரன்’ என்ற சொல்லும் வசவாகலாம். அதற்காக மாற்றவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அவ்வளவே.

அடுத்த சொல் ‘செட்டில்மெண்ட்’. இதற்குத்தான் எத்தனை முகம்! வீட்டில் அப்பா மகளுக்கு எழுதிவைப்பது செட்டில்மெண்ட் பத்திரம். வேலையை விட்டு நிற்கும்போது கணக்கு முடிப்பது செட்டில்மெண்ட். வரலாற்றுப் பாடத்தில் அது குடியேற்றம். வருவாய்த்துறையில் அது நிலவரித் திட்டம்: எந்த சர்வே எண் யாருடையது, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று அளந்து எழுதி முடிப்பது. ‘முடிப்பது’ என்ற பொருளைக் கவனியுங்கள். அன்றைக்கு யார் பெயரை எழுதினார்களோ அவர்களோடு கணக்கு முடிந்தது. ஏர் பிடித்தவன் பெயர் அந்தக் கணக்கில் வரவில்லை.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஜமீன்தாரி, ரயத்துவாரி, மகல்வாரி என்று மூன்று முறைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தாமஸ் மன்றோ பெயரோடு வருகிற ரயத்துவாரிக்கு, அரசு நேரடியாக விவசாயியிடம் வரி வாங்கியது என்று விளக்கம் எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் ‘ரயத்து’ யார்? பட்டாவில் பேர் உள்ளவன்தான் ரயத்து. சேற்றில் இறங்கியவன் பண்ணையாள், படியாள். அவனை வெள்ளைக்கார அதிகாரிகள் முதலில் ‘அக்ரெஸ்டிக் ஸ்லேவ்’, அதாவது நிலத்தோடு சேர்ந்த அடிமை, என்று எழுதினார்கள். 1843-ல் ஐந்தாவது சட்டம் வந்து அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்றது. பிறகு அதே மனிதனைப் பண்ணை வேலையாள் என்று எழுதத் தொடங்கினார்கள். கூலி மாறவில்லை, குடிசை மாறவில்லை, தாளில் இருந்த சொல் மட்டும் மாறியது. இதையும் காலனி அறிவிப்போடு சேர்த்து யோசித்துப் பார்க்கலாம்.

மதுரைச் சீமையில் செட்டில்மெண்ட் என்ற சொல்லுக்கு இன்னொரு கொடிய முகமும் உண்டு. குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கீழ் மக்களைப் பிடித்து அடைத்துக் குடியமர்த்திய இடங்களுக்கும் செட்டில்மெண்ட் என்றே பெயர். நம் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்று சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். அதை எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மாயக்காள் உட்பட 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் கள்ளர் மக்கள். அவர்கள் ஊருக்கும் நம் தெருவுக்கும் இடையில் இன்றைக்கு இருக்கும் பகை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரே அரசு, ஒரே ஆங்கிலத்தில், இரண்டு பதிவேடுகளில் இருவர் பெயரையும் எழுதிவைத்தது என்பதை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் நல்லது.

இப்போது நமக்கு நேராக வேண்டிய சொற்களுக்கு வருகிறேன். 1891-ல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லும் கொடுமை அதில் இருக்கிறது. தரிசு நிலத்துக்கு நம் ஆள் மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விதி இருந்ததும் இருக்கிறது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இந்த ஆணையின் வழியில் வந்ததைத்தான். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதில் இன்றைக்கு நம் கையில் எவ்வளவு என்று உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்று சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

இந்த நிலத்தைப் பற்றிய காகிதங்களில் வரும் ஆங்கிலச் சொற்கள் பத்துகூட இல்லை. எல்லாமே நம் பிள்ளைகள் வேறு பொருளில் அன்றாடம் பேசும் சொற்கள். வேடிக்கையும் வேதனையும் அதில்தான்.

‘அசைன்மெண்ட்’ என்றால் கல்லூரிப் பிள்ளைக்கு, திங்கட்கிழமைக்குள் எழுதிக்கொடுக்க வேண்டிய வீட்டு வேலை. வருவாய் நிலை ஆணை 15-ல் அதற்குப் பொருள் நில ஒப்படை. ‘டிப்ரஸ்ட்’ என்றால் இன்றைய பிள்ளைக்கு மனச்சோர்வு. ‘டிப்ரஸ்ட் கிளாஸ்’ என்று எழுதியபோது அதற்குப் பொருள் கீழே அழுத்தப்பட்ட மக்கள். அழுத்தியவன் ஒருவன் உண்டு என்று அந்தச் சொல்லே ஒத்துக்கொள்கிறது! அதன் இரண்டு முதலெழுத்துகள்தான் ‘டி.சி.’. டி.சி. நிலம் என்று எழுதியிருந்ததை மாவட்ட ஆட்சியர் நிலம் என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொல்லியிருக்கிறார். ஒரு தாலுகா அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு. அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

‘கண்டிஷன்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். கண்டிஷன் பட்டா என்று கிராமத்திலேயே சொல்வார்கள். என்ன கண்டிஷன் என்று கேட்டால்தான் பதில் வராது. நிபந்தனை இது: 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே விற்க வேண்டும். மீறினால் அந்த விற்பனை செல்லாது. இப்படி நிலம் கைமாறிப் போவதற்கு ‘ஏலியனேஷன்’ என்று பெயர், தமிழில் பராதீனம். சினிமாவில் வேற்றுக்கிரகவாசியை ஏலியன் என்கிறார்களே, அதே சொல்தான். அயலானுடையது ஆகிவிட்டது என்று பொருள். அப்படிப் போன நிலத்தை அரசு திரும்ப எடுப்பது ‘ரிசம்ப்ஷன்’. வேலைக்கு மனுப் போடும்போது நம் பட்டதாரி தம்பி தயாரிக்கும் ‘ரெஸ்யூமே’வும் இந்தச் சொல்லும் ஒரே குடும்பம் போலத் தோன்றும், எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று வாழ்க்கைக் குறிப்பின் சுருக்கம், மற்றொன்று நில மீட்பு. முதலாவதை எழுதிக் கொடுக்க ஊரெல்லாம் பயிற்சி மையம் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்க எந்த மையமும் இல்லை.

இந்தச் சொற்களுக்கு ரத்தமும் சிந்தியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்தின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். பஞ்சமி நிலம் என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

மதுரையில் இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. 2011-ல் அவனியாபுரம் நகராட்சி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்கு வருகிறவர்களுக்கும், வெள்ளக்கல் குப்பைக் கிடங்கின் புகையை மோந்தவர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்த இந்தப் பக்கம், இப்போது மனை விற்பவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. விமான நிலையம் ஒரு பக்கம், சுற்றுச்சாலை ஒரு பக்கம். யாரும் சீண்டாத தரிசெல்லாம் சென்டுக் கணக்கில் விலை பேசப்படுகிறது. விமான நிலைய விரிவாக்கத்துக்காக வெளியேறச் சொன்னபோது, 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள், மாற்று இடம் தராமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதற்குத் தமிழில் மீள்குடியமர்வு. 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் ஆங்கிலச் சொல் ‘ரீசெட்டில்மெண்ட்’. அந்தப் பழைய செட்டில்மெண்ட், முன்னால் ஒரு ‘ரீ’ போட்டுக்கொண்டு மறுபடி வந்திருக்கிறது. இழப்பீடு என்பது வேறு, மீள்குடியமர்வு என்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று அதிகாரி சொன்னால் தலையாட்டாமல் இருக்க, இந்த ஒரு சொல் தெரிந்த பிள்ளை தெருவுக்கு ஒருவர் வேண்டும்.

நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ‘பறையர்’ என்ற பெயர் ‘பரையா’ என்று போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கிறது. உலக அரசியலில் யாரோடும் சேராமல் ஒதுக்கப்பட்ட நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்று இன்றைக்கும் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு நம் தெரு இருப்பதே தெரியாது. ‘கூலி’ என்ற நம் சொல்லும் போயிருக்கிறது. அது குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஆனால் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் பாட்டன் பூட்டன்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. அங்கே அவர்களை அடைத்த வரிசை வீட்டுக்கு ஆங்கிலத்தில் ‘லைன்’. அது தமிழாகி ‘லயம்’ ஆனது. இசையில் லயம் என்றால் வேறு. பத்தடி அறையில் பத்துப் பேர் படுத்தது இந்த லயம்.

வசவாக்கப்பட்ட சொல்லை என்ன செய்வது என்பதில் நம் முன்னோர் ஒரே வழியில் போகவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் குனியவைத்தார்களோ அதையே நிமிர்ந்து சொல்வது அவர் வழி. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர, 1922-ல் ‘ஆதி திராவிடர்’ என்று அரசு எழுதத் தொடங்கியது. மாற்றுவது அவர் வழி. இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஆங்கிலத்தில் அரசுக்கு மனு எழுதவும், எழுதி வந்த பதிலை வரிவரியாகப் படிக்கவும் இருவருக்கும் தெரியும். வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன சீனிவாசனுக்கு, வெள்ளைக்காரன் எந்தச் சொல்லுக்குள் எதை ஒளித்துவைப்பான் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

இது நம் கதை மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் எடி மாபோ என்று ஒருவர். மர்ரே தீவைச் சேர்ந்த பூர்வகுடி. டவுன்ஸ்வில் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். தீவில் உள்ள தன் குடும்பத்து நிலம் தன்னுடையது என்றே நம்பியிருந்தார். அது சட்டப்படி அரசுக்குச் சொந்தம் என்று அங்கிருந்த வரலாற்றுப் பேராசிரியர்கள் இருவர் பேச்சுவாக்கில் சொன்னபோது ஆடிப்போய்விட்டார். காரணம் இரண்டே சொல்: ‘டெரா நல்லியஸ்’. லத்தீனில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். வெள்ளையர் வந்து இறங்கியபோது அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஆளில்லாத மண். நம் ஊரில் தரிசு, புறம்போக்கு என்று எழுதியதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். மாபோ வழக்குப் போட்டார். பத்தாண்டுகள் நடந்தது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைத் தள்ளிவிட்டது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்டார். தோட்டக்காரர் ஒருவர் இரண்டு லத்தீன் சொற்களின் பொருளைத் தெரிந்துகொண்டதில் தொடங்கியது அது.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் சரளமாகப் பேசும் ஆங்கிலத்தைத்தான் சொல்கிறார்கள். ‘ஹவ் ஆர் யூ’ சொல்ல மூன்று மாதப் பயிற்சி, கட்டணம் சில ஆயிரம். பேசட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பட்டணத்து அலுவலகத்தில் வேலை வாங்கித்தரும் ஆங்கிலம் ஒன்று, பாட்டன் நிலத்தைப் படிக்கவைக்கும் ஆங்கிலம் ஒன்று. இரண்டாவதற்கு இலக்கணம்கூட அதிகம் வேண்டாம். அகராதி ஒன்று, பழைய பதிவேட்டின் நகல் ஒன்று, ஒரு மாலைப்பொழுது போதும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையால் முடியும். தமிழாசிரியர்களும் இதில் கைகொடுக்கலாம். ஒப்படை, பராதீனம், நத்தம், தீர்வை, பசலி என்று வருவாய்த்துறைத் தமிழே நம் பிள்ளைகளுக்கு இன்னொரு அந்நிய மொழியாகத்தான் இருக்கிறது.

‘காலனி’யை நீக்கும்போது பழைய பதிவேடுகளையும் சேர்த்துத் திருத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. ‘பறைச்சேரி நத்தம்’ என்றோ ‘டி.சி.’ என்றோ எழுதியிருப்பதைப் படிக்கும்போது கை கூசும். இருந்தாலும் அந்த மண் யாருக்கு உரியது என்று சொல்ல மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி பல ஊர்களில் அதுதான். புதிய ஆவணங்களில் புதிய பெயர் எழுதட்டும். பழையதை அப்படியே பாதுகாத்து, கேட்கிறவருக்கு நகல் தரட்டும்.

கேட்கும் வழி கடினமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத்தாளில் மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் தர வேண்டும். ஊர் பெயரும் சர்வே எண்ணும் குறிப்பிட்டு, செட்டில்மெண்ட் பதிவேடு, மறு செட்டில்மெண்ட் பதிவேடு, 1980-களில் முடிந்த யு.டி.ஆர். திட்டத்தின் ‘அ’ பதிவேடு, இந்த மூன்றின் நகலையும் ஒன்றாகக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் கடைசியில் சொன்னதை மட்டும் கொடுப்பார்கள். அதில் நம் நிலத்துக்கு வேறு பெயர் ஏறியிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சர்வே எண்ணுக்கு எந்தப் பதிவேடு வரை நிபந்தனை எழுதியிருக்கிறது, எதில் காணாமல் போகிறது என்று பாருங்கள். கடைசியில் ‘குறிப்பு’ என்றிருக்கும் கலத்தை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் அங்கேதான், மங்கிய மையில் இருக்கும்.